தோட்டத்துச் சடக்கு ஏன் இத்தனை அமைதி?

மலேசியாவின் பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ரொட்டி சானாய்க் கடைக்குப் போனால், வாசலில் ஐந்தாறு சைக்கிள்கள் சாய்ந்து நிற்பதைப் பார்க்கலாம். கைப்பிடி ரேஸ் சைக்கிள் மாதிரி கீழே வளைந்திருக்கும். டயர் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்குத் தடித்து, சொரசொரவென்று இருக்கும். கிராவல் பைக் என்கிறார்கள். பெரும்பாலும் ஈப்போவிலிருந்து வரும் இளைஞர்கள். நம் முகத்தைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, கார் வராத கல்லுச்சடக்கு எந்தப் பக்கம்?"

எந்தப் பக்கம் திரும்பினாலும் பத்து நிமிட மிதியில் தோட்டத்துக் கல் ரோடு ஒன்று கிடைக்கும் என்று சொல்லி அனுப்பிவிடலாம். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அப்படிப் போகிறவர்களில் சிலர் சேற்றில் மாட்டிக்கொள்கிறார்கள், சிலர் செம்பனைப் பழ லோரிக்குப் பின்னால் தூசி குடிக்கிறார்கள். இன்னும் சிலர் கேட்டில் காவலுக்கு நிற்கும் ஜாகாவிடம் வாக்குவாதம் செய்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். அந்தச் சடக்கை யார், எதற்காகப் போட்டார்கள், அது ஏன் இப்போது ஆளில்லாமல் கிடக்கிறது என்று தெரிந்துகொண்டால், எந்த நாளில் எந்த வழியில் போவது என்பது தானாகவே பிடிபடும். நான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். இதை விளக்கிச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உலகத்தில் எங்குமே கிராவல் சடக்கைச் சைக்கிள்காரனுக்காகப் போடவில்லை. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிற்றூரில் 2006-இல் தொடங்கிய 200 மைல் பந்தயம்தான் இந்த விளையாட்டுக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது. அந்தப் பந்தயம் ஓடுவது பண்ணைக்காரர்களும் மாடு வளர்ப்பவர்களும் போய்வருகிற கல் ரோட்டில். சுவீடனின் காட்டுக்குள் ஓடும் கல் ரோடுகள் மரம் ஏற்றும் லோரிகளுக்காகப் போட்டவை. 2022-இல் இத்தாலியில் முதல் உலகச் சாம்பியன் போட்டியே நடந்துவிட்டது. ஆனாலும் எங்கு பார்த்தாலும் கதை ஒன்றுதான்: ஏதோ ஒரு விளைச்சலை வெளியே கொண்டுவர ஒரு பாதை வேண்டியிருந்தது. நம் பக்கம் அந்த விளைச்சல் முதலில் ரப்பர்ப் பால், பிறகு செம்பனைப் பழம்.

பாலின் கதை இங்கிருந்து வெகுதூரத்தில் தொடங்கவில்லை. பக்கத்து ஊரான கோலகங்சாரில் 1877-இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். அந்தக் காலத்து மரம் ஒன்று இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். அந்தக் கன்றுகள் வந்து முப்பது நாற்பது ஆண்டுகளில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியிருந்த காடெல்லாம் நிரை நிரையாகப் பால்மரமாகிவிட்டது. எல்பில், ஹீவுட், டோவன்பி, சங்காட் சாலாக் என்று இன்றும் நம் பிள்ளைகள் படிக்கிற தமிழ்ப்பள்ளிகள் சுமக்கும் பெயர்கள் அந்தத் தோட்டங்களின் பெயர்கள்தான்.

ரப்பர் காலத்துச் சடக்கு குறுகலானது. அதற்குக் காரணம் வேலையின் தன்மை. விடியலுக்கு முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து, வெட்டுக்காரர் தன் நிரைக்குப் போவார். ஒருவருக்கு ஏறக்குறைய ஐந்நூறு மரம். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும் என்பதால் வெட்டெல்லாம் விடியற்காலையில். அப்புறம் கோப்பையிலிருக்கும் பாலைச் சேர்த்து, உறைவதற்குள் ஸ்டோருக்குக் கொண்டுபோக வேண்டும். தோளில் காண்டாக் கம்பு, இரண்டு பக்கமும் வாளி. சைக்கிள் இருந்தவர்கள் அதில் கட்டிக்கொண்டார்கள். ஒரு ஆளும் ஒரு சைக்கிளும் போகிற அகலம் இருந்தாலே போதும், அதனால் பாதை மேட்டையும் ஓடையையும் அனுசரித்து வளைந்து வளைந்து போனது.

என் அப்பாவின் சைக்கிளை இப்போது நினைத்தாலும் கண்முன் நிற்கிறது. கறுப்பு நிறம், கம்பி பிரேக், கியர் எதுவும் கிடையாது. பின் கேரியரின் இரண்டு பக்கமும் இரும்புப் பட்டையை வளைத்து வாளி மாட்டுகிற மாதிரி செய்திருந்தார். மட்கார்டைக் கழற்றிவிட்டார், செம்மண் அதில் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும் என்பதால். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தே வைத்திருப்பார். கேட்டால், "கல்லு மேல குதிக்காது, பால் சிந்தாது" என்பார். இன்று கிராவல் பைக் விற்கிற கடையில் இதையேதான் விளக்கிச் சொல்கிறார்கள்: டயருக்கும் சட்டத்துக்கும் நடுவில் சேறு போக இடம் வேண்டும், காற்று குறைவாக இருந்தால் பிடிமானம் கூடும். அப்பா இதையெல்லாம் எந்தக் கடையிலும் கேட்டதில்லை. சிந்திய பாலுக்குச் சம்பளம் கிடையாது என்பதிலிருந்து கற்றுக்கொண்டார்.

பிறகு செம்பனை வந்தது. மலாயாவில் வணிகத்துக்காக நட்ட முதல் செம்பனைத் தோட்டம் 1917-இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமாரானில் தொடங்கியது என்றாலும், ரப்பரை வெட்டிவிட்டு அதை நடுகிற வேகம் கூடியது 1960-களுக்குப் பிறகுதான். இந்த மாற்றம்தான் இன்றைய கிராவல் சடக்கை உண்டாக்கியது.

செம்பனைக் குலை ஒன்று பொதுவாகப் பதினைந்து, இருபது கிலோ இருக்கும், முற்றிய மரத்தில் அதற்கும் மேலே போகும். தோளில் வைத்து மைல் கணக்கில் நடக்க முடியாது. அதைவிட முக்கியம் நேரம். வெட்டிய பழத்தில் கொழுப்பு அமிலம் ஏறிக்கொண்டே போகும், எண்ணெயின் தரம் இறங்கிக்கொண்டே போகும். அதனால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது தோட்டத்தின் வேதவாக்கு. மழை என்றாலும் லோரி உள்ளே வந்து போகிற மாதிரி சடக்கு இருந்தாக வேண்டும். ஆகவே வளைந்த ஒற்றையடிப் பாதைகள் போய், கட்டம் கட்டமாக நேர்ச்சடக்குகள் வந்தன. நடுவில் முதுகு உயர்த்தி, இரண்டு பக்கமும் கால்வாய் வெட்டி, மேலே செம்மண் கல்லைக் கொட்டி உருளை ஓட்டினார்கள். ஈப்போ வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்குப் பஞ்சமில்லை, அதனால் மோசமான இடங்களில் கிரஷர் ரன் என்ற உடைத்த கல்லும் விழுந்தது. ஆலைக்குப் பக்கத்துச் சடக்குகளில் கொதிகலனிலிருந்து வரும் கருங்கட்டிச் சாம்பலைக்கூடக் கொட்டியிருப்பார்கள். அதன் மேல் சைக்கிள் ஓட்டினால் பொரி மேல் நடக்கிற மாதிரி நொறுநொறுவென்று சத்தம் வரும்.

ஒரு பெரிய தோட்டத்துக்குள் எவ்வளவு தூரத்துக்குச் சடக்கு இருக்கிறது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம் வரை, எல்லா மரத்திலிருந்தும் குலை சடக்குக்கு வந்தாக வேண்டும். எந்த மரமும் சடக்கிலிருந்து ரொம்பத் தள்ளி இருக்க முடியாது. அதனால் தோட்டமே ஒரு சடக்கு வலை.

சரி, இத்தனை சடக்கு இருந்தும் ஏன் ஆள் இல்லை?

பாதி விடை அறுவடைச் சுற்றில் இருக்கிறது. பால்மரத்துக்கு நாள்தோறும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் ஆள் போக வேண்டும். செம்பனையில் ஒரு பிளாக்கில் குலை வெட்டினால், மறுபடி அதே பிளாக்குக்கு வருவதற்குப் பத்து நாளிலிருந்து பதினான்கு நாள் ஆகும். நடுவில் உரம் போடவோ புல்லுக்கு மருந்து அடிக்கவோ யாராவது வரலாம். மற்றபடி அந்தச் சடக்கில் குருவியும் மாடும்தான். பழ லோரி எந்தப் பிளாக்குக்குப் போகிறதோ அங்கே நாள் முழுக்கத் தூசி பறக்கும். அடுத்த பிளாக்கில் அப்படி ஓர் அமைதி.

மீதிப் பாதியைச் சொல்வது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். அந்த அமைதி நம் ஆட்கள் போனதால் வந்த அமைதி.

1948 ஜூன் 16-ஆம் தேதி காலையில் எல்பில் தோட்டத்து நிர்வாகி சுட்டுக் கொல்லப்பட்டார். சிறிது நேரத்தில் பின் சூன் தோட்டத்தில் இன்னும் இருவர். கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களை ஒடுக்க வெள்ளைக்கார அரசு அறிவித்த அவசரகாலம் அங்கிருந்துதான் தொடங்கியது, நம் ஊரிலிருந்து. காட்டோரமாகச் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். லயத்துக்கு லயம் போன சின்னப் பாதைகள் பல அப்போதே புல் மூடின. அதற்குப் பிறகு 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும் வீடும் ஒன்றாகப் போயின. அதைத் தடுக்கத்தான் இந்த ஊர்க்காரரும் அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க வழி செய்தார். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, பெர்மிட் கிடைக்காமல் கப்பலேறிப் போனவர்கள் எத்தனையோ பேர். அப்புறம் செம்பனை. ரப்பருக்கு வேண்டிய ஆள்பலம் இதற்கு வேண்டாம். வேலைக்காட்டில் இன்று குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள்.

இதைச் சைக்கிளில் போகும்போதே பார்க்கலாம். செம்பனை நிரைக்கு நடுவில் ஒரு பெரிய மாமரம் நிற்கும். பக்கத்தில் ஒரு பலா, வயதான முருங்கை, புதராகிப்போன கறிவேப்பிலை. தோட்ட நிர்வாகம் மாமரம் நடாது. அங்கே லயம் இருந்தது. கொஞ்சம் கவனித்தால் சிமெண்டுத் தரையும், துணி துவைக்கிற கல்லும், குழாய் நின்ற இடமும் தெரியும். மாரியம்மன் கோயில் மட்டும் வெள்ளையடித்து நிற்கும், திருவிழாவுக்கு மட்டும் ஊரிலிருந்து ஆட்கள் வருவார்கள். சைக்கிள்காரர்கள் நிழலுக்காக அந்த மாமரத்தடியில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். நிற்கட்டும், நல்லதுதான். அது யார் வீட்டு வாசல் என்று தெரிந்து நின்றால் இன்னும் நல்லது.

இனி நடைமுறைக்கு வருவோம். தோட்டத்தின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் புறப்பட வேண்டும். ஞாயிறு பொதுவாக ஓய்வு நாள், சடக்கு காலியாக இருக்கும். ஆனால் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பழம் கொட்டுகிற காலம், அப்போது ஞாயிறும் லோரி ஓடலாம். சடக்கோரத்தில் குலைகளை அடுக்கி, உதிரிப்பழத்தைக் கூட்டி வைத்திருந்தால் அன்றைக்கு அந்த வழியில் லோரி வரும் என்று அர்த்தம். அடுத்த பிளாக்குக்குத் திரும்பிவிடுங்கள். பிளாக் எண் எழுதிய கட்டை மூலையில் நிற்கும், அதை நினைவில் வைத்துக்கொண்டால் வழி தவறாது. எல்லா நிரையும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் இது முக்கியம். போனில் சிக்னல் பாதி இடத்தில் கிடைக்காது.

மழையைச் சொல்லாமல் இருக்க முடியாது. நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே ஒரு மழை. அக்டோபர், நவம்பர் இன்னொரு மழை. மற்ற மாதங்களிலும் பிற்பகலில் இடியோடு கொட்டிவிட்டுப் போகும். காய்ந்த செம்மண் சடக்கு தார் ரோட்டுக்குச் சமம். நனைந்தால், கல் குறைந்த இடத்தில் சப்பாத்தி மாவு மாதிரி டயரைப் பிடித்துக்கொள்ளும், பத்து அடிக்கு ஒருமுறை குச்சியால் தோண்ட வேண்டியதுதான். அதனால் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுப் பதினோரு மணிக்குள் டவுனுக்குத் திரும்புவது உத்தமம். முந்தின நாள் இரவு பெரிய மழை என்றால் முதுகு உயர்ந்த பெரிய சடக்கிலேயே போங்கள், நிரைக்குள் இறங்க வேண்டாம்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். எழுபது கிலோ எடையுள்ளவர் 45 மில்லிமீட்டர் டயரில் காற்றழுத்தத்தை 30 பிஎஸ்ஐ பக்கம் வைத்துப் பார்த்து, பிறகு கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். கல்லைவிட மோசமான எதிரி மட்டை முள். வெட்டிப்போட்ட மட்டையை நிரைக்கு நடுவில் அடுக்கியிருப்பார்கள், சடக்கிலும் சிலது கிடக்கும். அதன் அடிப்பக்கத்து முள் உள்டியூபைக் குத்திப் பொத்தலாக்கிவிடும். டியூப் இல்லாத டயரில் பசை ஊற்றி ஓட்டுகிறவர்கள் பிழைத்தார்கள். உதிரிப்பழம் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும், சோப்புக்கட்டி மேல் கால் வைத்த மாதிரி. எலி அதிகம், எலியைத் தேடிப் பாம்பும் வரும். மட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டாம். அங்கங்கே கம்பத்தின் மேல் மரப்பெட்டி ஒன்று தெரியும். அது எலி பிடிக்கக் கூகை ஆந்தைக்கு வைத்த கூடு. விடியலில் போனால் வாசலில் இதய வடிவ வெள்ளை முகத்தோடு அது உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை.

கேட் விஷயம். சுவீடனில் எல்லோருக்கும் காட்டில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் உரிமை உண்டு, நில உரிமையாளரைக் கேட்க வேண்டியதில்லை. ஸ்காட்லாந்தில் 2003-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். இங்கே அப்படி இல்லை. தோட்டம் தனியார் நிலம், சடக்கும் அவர்களுடையது. மூட்டை முதுகில் மாட்டிய ஆளை ஜாகா ஏன் முறைத்துப் பார்க்கிறார் என்றால், பழத் திருட்டு நிஜமாகவே நடக்கிறது. அவர் வேலை அது. இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, எங்கிருந்து வருகிறோம், எந்த வழியாக வெளியே போவோம் என்று சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். கூட்டமாகப் போவதென்றால் முந்தின வாரமே தோட்டத்து ஆபீசில் போய்க் கேட்டுவிட வேண்டும். மருந்து அடிக்கிற நாளா என்றும் கேளுங்கள். ஒருமுறை நான் கேட்காமல் உள்ளே போய், பாதி வழியில் மருந்து வாடை மூக்கில் ஏறி, வந்த வழியே திரும்பினேன். தவறு என்னுடையதுதான்.

கிழக்கே லிந்தாங், லாசா பக்கம் போகப் போகத் தோட்டம் முடிந்து, தித்திவங்சா மலைத்தொடரின் காடு தொடங்குகிறது. அங்கே விதி வேறு. நிரந்தர வனக்காப்புப் பகுதிக்குள் போக வன இலாகாவின் பெர்மிட் வேண்டும். உள்ளே கோலமூ மாதிரி பூர்வகுடிகளான தெமியார் மக்களின் கிராமங்கள் இருக்கின்றன. அந்த மண் சடக்கு அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகிற ஒரே வழி. நமக்கு அது உல்லாசப் பாதை என்று நினைத்து வேகமாக இறங்குவது அழகில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நான் மேற்குப் பக்கத்தைத்தான் சொல்வேன்: காராய் போய், பேரா ஆற்றின் மேல் 1900-இல் திறந்த விக்டோரியா பாலத்தைப் பார்த்துவிட்டு வரலாம். அதில் இப்போது ரயில் ஓடுவதில்லை. ஓரப் பாதையில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஆற்றைக் கடக்கலாம், காலை வெயிலில் கீழே தண்ணீர் பழுப்பாக நகர்ந்துகொண்டிருக்கும்.

கடைசியாக, போனில் இருக்கும் வரைபடத்தை நம்பி மட்டும் போகாதீர்கள். செம்பனை இருபத்தைந்து வயதை நெருங்கினால் குலை வெட்ட எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அப்போது பிளாக்கையே சாய்த்துவிட்டு மறுநடவு செய்வார்கள். மேடுகளில் படி வெட்டுவார்கள், சடக்கையே வேறு பக்கம் திருப்புவார்கள். வரைபடத்தில் பழைய கோடு அப்படியே இருக்கும். சில தோட்டங்கள் வீடமைப்புக்குப் போய்விட்டன, கோடு அங்கேயும் இருக்கிறது.

போன மாதம் எனக்கே அப்படி ஆனது. போனில் நேராகப் போகச் சொன்ன சடக்கு, சாய்த்த மரங்களுக்கு நடுவில் முடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது, மிச்சமிருக்கும் நான்கு வீட்டு லயத்தின் வாசலில் ஒரு அம்மா கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். சைக்கிளையும் என்னையும் பார்த்துவிட்டு, "எந்தத் தோட்டத்துப் பிள்ள தம்பி நீ?" என்றார். சொன்னேன். அப்பா பெயரையும் கேட்டார், அதையும் சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டு சடக்கு வரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

"அந்த மாமரம் தெரியுதா, அதத் தாண்டி எடது பக்கம் எறங்கு. பழைய பால் ஸ்டோர் சுவரு ஒண்ணு நிக்கும். அங்கேருந்து ஆத்தோரமாவே போனா டவுனுக்கு வந்துரலாம். நாங்க பால் கொண்டு போன வழிதான். பலகப் பாலத்துல மட்டும் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போ, ரெண்டாவது பலக ஆடும்."

ரெண்டாவது பலகை ஆடத்தான் செய்தது.